எத்தனை ராத்திரி? - கிரனடாவின் சத்திரக் கதை

ஸ்பெயினோட பழைய ஊர்கள்ல தெருத்தெருவா நடந்தீங்கன்னா, வாசல் பக்கத்துச் சுவத்துல நீலக்கலர் சதுரப் பலகை ஒண்ணு அடிக்கடி கண்ணுல படும். வெள்ளை எழுத்துல 'ஹெச்', பக்கத்துல சின்னதா 'எஸ்' இருந்தா அது ஒஸ்தால். வெறும் 'பி' இருந்தா பென்சியோன். ரெண்டுமே நம்மள மாதிரி பட்ஜெட் பார்ட்டிகளுக்கான இடம். ஒரு வீட்டோட ரெண்டு மாடி, ஏழெட்டு ரூம், கீழ ஒரு வயசான அம்மா டிவி பார்த்துக்கிட்டே சாவி எடுத்துக் கொடுப்பாங்க. முதுகுப்பை ஆசாமிகள் பத்துப் பேர் ஒரே அறையில அடுக்குக் கட்டில்ல படுக்குற ஹாஸ்டல் வேற ரகம்.

இந்த ரெண்டுக்கும் முன்னாடி இருந்த பழைய வார்த்தை ஒண்ணு இருக்கு. ஃபோந்தா. இந்த ஒரு சொல்லைப் புடிச்சு இழுத்தா ஸ்பெயினோட பாதி வரலாறு கூடவே வருது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு உட்காருங்க :-)

பழைய கிரேக்கத்துல சத்திரத்துக்கு 'பான்டோகெயோன்'னு பேர். நேர் அர்த்தம், 'எல்லாரையும் ஏத்துக்கிற இடம்'. பைபிள்ல நல்ல சமாரியன் கதையில, அடிபட்டுக் கிடந்தவனைக் கூட்டிட்டுப் போய்ச் சேர்க்கிற சத்திரத்துக்குக் கிரேக்க மூலத்துல இந்தச் சொல்தான் இருக்கு. அரபு நாடுகள் பக்கம் போனப்ப அது 'ஃபுந்துக்' ஆச்சு. இன்னைக்கும் அரபியில ஹோட்டலுக்கு ஃபுந்துக்தான். வெனிஸ்காரங்க அதை 'ஃபோந்தாகோ' ஆக்கி, ஜெர்மன் வியாபாரிகளுக்குன்னு ரியால்ட்டோ பாலத்துக்குப் பக்கத்துல ஒரு பெரிய கட்டடமே கட்டி வச்சாங்க. ஸ்பானிஷ்ல அது ரெண்டா பிரிஞ்சு, ஒண்ணு ஃபோந்தா, இன்னொண்ணு அரபி 'அல்'லையும் சேர்த்து ஒட்டிக்கிட்டு 'அலோந்திகா' ஆயிடுச்சு. ஆக கிரேக்கன், அரபி, இத்தாலியன், ஸ்பானியன்னு மதம், மொழி, ராஜ்யம் எல்லாம் மாறினாலும், வழிப்போக்கனுக்கு ஒரு கூரை வேணுங்கிற தேவை மட்டும் மாறாம இந்தச் சொல்லையும் கூடவே கூட்டிட்டு வந்திருக்கு.

'எல்லாரையும் ஏத்துக்கிற இடம்'. இந்த அர்த்தத்தை மட்டும் மனசுல வச்சுக்குங்க. பின்னாடி வேணும்.

பதினெட்டு யூரோ கட்டில்

மாட்ரிட்ல ஆன்சைட் வந்த இடத்துல ஒரு நீண்ட வார இறுதி கிடைச்சுது. கிரனடாவுக்கு பஸ்ல அஞ்சு மணி நேரம். தங்கினது பிளாசா நுவேவா சதுக்கத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல, ஆறு பேர் அறையில ஒரு கட்டில், ராத்திரிக்கு 18 யூரோ. துண்டுக்குத் தனிக் காசு. சமையலறை பொது. நடுவுல சின்ன முற்றம், அதைச் சுத்தி மூணு பக்கமும் மரத் தூண் வச்ச நடை, நடையிலேர்ந்து அறைகளுக்குக் கதவு. வெளியிலேர்ந்து பார்த்தா வெறும் வெள்ளைச் சுவரு, சின்ன வாசல். உள்ள நுழைஞ்சாத்தான் வெளிச்சம், தண்ணி, செடி எல்லாம்.

ரிசப்ஷன்ல பாஸ்போர்ட் வாங்கி விவரமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. ஸ்பெயின்ல எந்த விடுதியா இருந்தாலும் தங்குறவங்க விவரத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தே ஆகணும், அது சட்டம். அப்புறம் எல்லா ஊர் எல்லா விடுதியிலயும் கேக்குற அதே கேள்வி: "எத்தனை ராத்திரி?"

இந்த விடுதியிலேர்ந்து அஞ்சு நிமிஷ நடையில, இதுக்கெல்லாம் பெரிய பாட்டன் ஒருத்தர் நிக்கிறார். பேரு கோரல் தெல் கார்போன். தமிழ்ல சொன்னா 'கரி முற்றம்'. 14-ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில, நஸ்ரித் சுல்தான்கள் காலத்துல கட்டின ஃபுந்துக். ஸ்பெயின்ல முஸ்லிம் காலத்து சத்திரம் முழுசா மிஞ்சி நிக்கிறது இது ஒண்ணுதான்.

வாசல் பிரமாதம். பெரிய குதிரைலாட வளைவு, மேல கூஃபிக் எழுத்து, உள்ள நுழையுற இடத்துல தேன்கூடு மாதிரி கூரை வேலைப்பாடு. அவ்வளவு அலங்காரமும் வாசலோட சரி. உள்ள போனா சதுர முற்றம், நடுவுல கல் தொட்டி, அதுல தண்ணி விழுற ரெண்டு குழாய், சுத்தி மூணு மாடி, எந்த அலங்காரமும் இல்லாத தூண்கள், வரிசையா சின்னச் சின்ன அறைகள். கீழ்த்தளம் சரக்குக்கும் கழுதை குதிரைக்கும். மேல்மாடிகள் வியாபாரிகளுக்கு. வெளியே போக ஒரே வாசல், ராத்திரி பூட்டிடுவாங்க. இந்த மாதிரி சத்திரங்கள்ல படுக்கை, சாப்பாடு எல்லாம் வர்றவன் பாடுதான். முற்றம், பொதுத் தண்ணி, மேல அறை, ராத்திரி பூட்டு, போர்வை உன்னோடது... என் 18 யூரோ விடுதியில வை-ஃபை மட்டும்தான் புதுசுன்னு தோணிச்சு.

இடமும் யோசிச்சுப் போட்டது. முன்னாடி தாரோ ஆறு, ஆத்து மேல பாலம், பாலத்தைத் தாண்டினா அல்கைசெரியாங்கிற பட்டுக்கடை வீதி, அதையும் தாண்டினா பெரிய பள்ளிவாசல். சரக்கை இறக்கி, பூட்டி, பாலம் தாண்டி வித்துட்டு, தொழுதுட்டு வந்து தூங்கலாம். இப்ப அந்த ஆறு கண்ணுக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டுல மேல மூடி ரோடு போட்டுட்டாங்க. ரெயெஸ் கத்தோலிகோஸ் தெருவுல நடக்கிறவங்க எல்லாரும் ஆத்து மேலதான் நடக்கிறாங்க.

மதுரைக்கு வந்தவர் கிரனடாவிலும்

இந்தச் சத்திரம் ஜேஜேன்னு ஓடின காலத்துல கிரனடாவுக்கு வந்த ஒரு பெரிய ஊர்சுற்றி, இபின் பதூதா. நம்ம மதுரை சுல்தான் கியாசுதீன்கிட்ட வந்து தங்கிட்டுப் போனாரே, அதே ஆள்தான். மதுரை, மாலத்தீவு எல்லாம் சுத்திட்டு ஊர் திரும்பின பிறகு, 1350 வாக்குல கிரனடா. சுல்தான் முதலாம் யூசுப் உடம்பு சரியில்லாததால இவரைப் பார்க்க முடியல. ஆனா சுல்தானோட அம்மா தங்க தீனார்கள் அனுப்பி வச்சாங்க. மனுஷன் காசு விஷயத்தை மறக்காம குறிச்சு வச்சிருக்கார், ஹிஹி.

எனக்கு அதைவிடப் பிடிச்சது இன்னொரு வரி. கிரனடாவுல பாரசீகப் பக்கிரிகள் கூட்டம் ஒண்ணு இருந்துச்சாம். தங்க ஊர் மாதிரியே இருக்குன்னு இங்கயே தங்கிட்டாங்களாம். ஒருத்தர் சமர்கந்து, ஒருத்தர் தப்ரீஸ், ஒருத்தர் கோன்யா, ஒருத்தர் குராசான், ரெண்டு பேர் இந்தியா! பேர் சொல்லியே எழுதியிருக்கார். பிளைட் இல்லாத, விசா இல்லாத காலத்துல ரெண்டு இந்தியர்கள் ஐரோப்பாவோட தென்கோடியில பனிமலை அடிவாரத்துல, 'இந்த ஊர் நல்லா இருக்கு'ன்னு உட்கார்ந்துட்டாங்க. அவங்களுக்கு யாரும் எத்தனை ராத்திரின்னு கேட்டதா தெரியல.

அதே ஊர்ல ஜெனோவா கிறிஸ்தவ வியாபாரிகளுக்குன்னு தனி சத்திரமும் இருந்துச்சு. யூதர்களுக்குத் தனி வட்டாரம் இருந்துச்சு. இதை வச்சு 'எல்லாரும் கைகோத்து ஆனந்தமா வாழ்ந்தாங்க'ன்னு டூரிஸ்ட் கைடு பாணியில எழுத மாட்டேன். வரி, சண்டை, பாகுபாடு எல்லாம் இருந்துது. ஆனா வெளியூர்க்காரனுக்குக் கட்டில் இருந்தது, உள்ளூர்க்காரனுக்கு வீடு இருந்தது. இது ரெண்டும் ஒண்ணா இருக்கிறது சாதாரண விஷயம் இல்லைங்கிறது அடுத்த நூறு வருஷத்தைப் பார்த்தா புரியும்.

எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்

1491 நவம்பர் 25. கிரனடாவோட கடைசி சுல்தான் போவப்தில்லும், கத்தோலிக்க ராஜா ராணி ஃபெர்டினாண்ட், இசபெல்லாவும் சரணடைவு ஒப்பந்தம் போட்டாங்க. கோட்டை கைமாறினது 1492 ஜனவரி 2.

சாஃப்ட்வேர்ல ஒப்பந்தம் படிச்சுப் படிச்சு நொந்த எனக்கே இந்த ஒப்பந்தத்தைப் பார்த்து ஆச்சரியமா இருந்துச்சு. அவ்வளவு தாராளம். முஸ்லிம்கள் மதத்தை வச்சுக்கலாம். பள்ளிவாசல், சொத்து எல்லாம் அவங்களுக்கே. வழக்குகளை அவங்க சட்டப்படி அவங்க நீதிபதியே விசாரிப்பார். யாரையும் கட்டாயப்படுத்தி மதம் மாத்தக் கூடாது. வட ஆப்பிரிக்கா போக ஆசைப்பட்டா கப்பல் ஏற்பாடு பண்ணித் தரப்படும். இதோட ஒரு சின்ன ஷரத்து: அவங்க வீடுகள்ல யாரையும் கட்டாயமாத் தங்க வைக்கக் கூடாது, துணிமணியோ கோழியோ மாடு குதிரையோ பிடுங்கக் கூடாது.

கட்டாய விருந்தாளி வேண்டாம்! அந்தக் காலத்துல ராணுவம் ஊருக்குள்ள வந்தா சத்திரம் தேடிப் போகாது, உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டும். அதனாலதான் கோட்டையைத் தோத்தவங்க உட்கார்ந்து யோசிச்சு, என் வீட்டு வாசப்படியாவது எனக்கு வேணும்னு எழுதி வாங்கியிருக்காங்க.

மை காயுறதுக்குள்ள முதல் அடி யூதர்களுக்கு. 1492 மார்ச் 31-ம் தேதி, இதே கிரனடாவுல இருந்துதான் அந்த ஆணை வெளியானது. ஜூலை முடியறதுக்குள்ள ஞானஸ்நானம் வாங்கு, இல்லேன்னா நாட்டை விட்டுப் போ. வீட்டை விக்கலாம், ஆனா தங்கம், வெள்ளி, காசு எதையும் எல்லை தாண்டி எடுத்துட்டுப் போகக் கூடாது. வித்த காசைக் கொண்டு போக முடியாதுன்னா வித்ததுக்கு என்ன அர்த்தம்?

முஸ்லிம்கள் கதை கொஞ்சம் மெதுவா நடந்தது. முதல் பேராயர் எர்னான்தோ தெ தலவேரா மென்மையானவர். மனசை மாத்தணும்னா மொழி தெரியணும்னு பாதிரியார்களை அரபி படிக்கச் சொன்னவர். 1499-ல கார்டினல் சிஸ்னெரோஸ் வந்தார். கூட்டம் கூட்டமா ஞானஸ்நானம். அல்பைசின் குன்றுல கலகம் வெடிச்சுது. கலகம் பண்ணீங்க, அதனால ஒப்பந்தம் செல்லாதுன்னு அரசு சொல்லிடுச்சு. பிப்-ரம்ப்லா சதுக்கத்துல அரபுப் புத்தகங்களைக் குவிச்சு எரிச்சாங்க. மருத்துவப் புத்தகங்களை மட்டும் தனியா எடுத்து வச்சுக்கிட்டாங்க. 1502-ல காஸ்டில் ராஜ்யம் முழுக்க முஸ்லிம்களுக்கும் அதே கேள்வி: மாறு, இல்லேன்னா போ. பெரும்பாலானவங்க மாறினாங்க. மாறினவங்களுக்கு 'மொரிஸ்கோ'ன்னு பேர் வந்தது.

ஒப்பந்தம் பத்தே வருஷத்துல காலி. ரிக்வயர்மென்ட்டை மாத்திட்டு டெட்லைன் மட்டும் மாத்தாத கிளையண்ட் நமக்குப் புதுசில்ல. ஆனா இங்க மாத்தினது மனுஷங்களோட பேரையும் சாமியையும்.

கதவைத் திறந்து வை

1526-ல பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கிரனடா வந்தப்ப அரபு மொழி, உடை, குளியல்னு ஒரு தடைப் பட்டியல் தயாராச்சு. மொரிஸ்கோக்கள் பெரும் பணம் கட்டி அதை நாப்பது வருஷம் தள்ளிப் போட்டாங்க. 1567 ஜனவரி 1, இரண்டாம் ஃபிலிப் காலத்துல, பட்டியல் திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை பேரம் இல்லை. மூணு வருஷத்துல எல்லாரும் ஸ்பானிஷ் கத்துக்கணும், அதுக்கப்புறம் அரபியில பேசவோ எழுதவோ கூடாது. உடை மாத்தணும். அரபுப் பேர் கூடாது. பொதுக் குளியல் இடங்களை இடிக்கணும். வெள்ளிக்கிழமையும் விசேஷ நாள்லயும் வீட்டு வாசக்கதவைத் திறந்தே வச்சிருக்கணும், உள்ள தொழறாங்களான்னு பார்க்க.

இந்த ஆணையை எதிர்த்து ஒரு கிழவர் மனு எழுதினார். பேரு ஃபிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய். மொரிஸ்கோ பிரபு குடும்பம். சின்னப் பையனா இருக்கும்போது பேராயர் தலவேராகிட்ட எடுபிடி வேலை பார்த்தவர். அந்த மனு இப்பவும் இருக்கு. அழுகை கிடையாது, ஒவ்வொரு தடையா எடுத்து வச்சு வாதம் பண்றார். எங்க உடை மத உடை இல்ல, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு உடை இருக்கிற மாதிரி இதுவும் வட்டார உடைதான். அரபி பேசினா முஸ்லிமா? எகிப்துலயும் சிரியாவுலயும் கிறிஸ்தவங்க அரபிதானே பேசுறாங்க. குளியல் உடம்பு சுத்தத்துக்கு. பழைய உடையெல்லாம் செல்லாதுன்னா புதுசு வாங்க ஏழைக்கு ஏது காசு? பேரை மாத்தினா யார் எந்தக் குடும்பம்னு எப்படித் தெரியும்? கதவைத் திறந்து வச்சா திருடனுக்குத்தான் கொண்டாட்டம்.

எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எந்தப் புரட்சியும் பேசாம, நாங்களும் இந்த ஊர்க்காரங்கதான்னு மட்டும் விடாம சொல்றார். யாரும் கேக்கல.

பிளாசா நுவேவாவுல, என் விடுதிச் சந்து வந்து சேர்ற இடத்துல ஒரு கம்பீரமான கட்டடம் இருக்கு. ரியால் சான்சில்லெரியா, அரச உயர் நீதிமன்றம். 1505-ல கிரனடாவுக்கு வந்த நீதிமன்றம் அது. அதோட தலைவர் தேசாகிட்டதான் முலேய் வாதாடினார். இப்ப அந்தச் சதுக்கத்துல பீர் குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நூறு பேர்ல ஒருத்தருக்காவது முலேய் பேர் தெரியுமா?

காலி வீடுகள், அழகான தோட்டங்கள்

1568 கிறிஸ்துமஸ் முதல் நாள் ராத்திரி அல்புகாரா மலைப்பகுதியில கலகம். அல்பைசின் மக்கள் பெரும்பாலும் அதுல சேரல. இருந்தாலும் அவங்க வீடுகளுக்குள்ள சிப்பாய்களைக் குடி வச்சாங்க. ஆமாங்க, 1491-ல வேண்டாம்னு எழுதி வாங்கின அதே கட்டாய விருந்தாளிகள். 

1569 ஜூன் மாசம் அல்பைசின் மொரிஸ்கோ ஆம்பளைகளை, பத்து வயசுலேர்ந்து அறுபது வரை, அந்தந்தப் பகுதி சர்ச்சுக்கு வரச் சொன்னாங்க. அங்கேர்ந்து ஊருக்கு வெளியே இருந்த ஓஸ்பிதால் ரியால் கட்டடத்துக்கு. கணக்கெடுத்து, கூட்டம் கூட்டமா நடத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அரசுப் படையோட இருந்த மார்மோல் கார்வஹால், பரிதாபமான காட்சின்னு தன் வரலாற்று நூல்ல எழுதி வச்சிருக்கார். 1570 நவம்பர்ல கிரனடா ராஜ்யம் முழுக்க மீதி மக்களுக்கும் அதே கதி. மொத்தம் கிட்டத்தட்ட 80,000 பேர். குளிர், மழை, நோய். வழியிலயே நிறைய பேர் செத்துப் போனாங்க. இதை நடத்தி வச்ச தளபதி டான் ஹுவான் தெ ஆஸ்திரியாவே, பொம்பளைகளும் பிள்ளைகளும் அழுதுகிட்டுப் போறதைவிட மனுஷத் துயரத்தை வேற எதுலயும் இவ்வளவு அப்பட்டமாப் பார்க்க முடியாதுங்கிற அர்த்தத்துல கடிதம் எழுதினார். எழுதினார், ஆனா நிறுத்தல.

காஸ்டில் ஊர்கள்ல பிரிச்சுப் போடப்பட்ட அவங்களுக்கு 1572-ல விதிமுறை வந்தது. பேரைப் பதிவு பண்ணணும். அனுமதிச் சீட்டு இல்லாம இருக்கிற ஊரை விட்டு வெளியே ராத்திரி தங்கக் கூடாது. கிரனடா பக்கம் திரும்பிப் போகவே கூடாது. ஒரு ராத்திரிகூட!

கிரனடா போறவங்க எல்லாரும் அல்பைசின்ல 'கார்மென்' பார்த்து மயங்குவாங்க. உயரமான வெள்ளைச் சுவர், உள்ள மாதுளை, எலுமிச்சை, மல்லி, தண்ணித் தொட்டி, எதிர்ல அல்ஹாம்ப்ரா. நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். இவ்வளவு நெருக்கமான குன்றுல இவ்வளவு பெரிய தோட்டத்துக்கு எப்படி இடம் கிடைச்சுது? 1494-ல இங்க வந்த மூன்ட்ஸர்ங்கிற ஜெர்மன் மருத்துவர், ஒரு கிறிஸ்தவ வீடு இருக்கிற இடத்துல இங்க நாலஞ்சு வீடு இருக்குன்னு எழுதினார். அந்த நாலஞ்சு வீட்டு ஆட்களும் போன பிறகு, வீடுகள் இடிஞ்சு விழுந்த பிறகு, மனைகளை ஒண்ணாச் சேர்த்து மதில் எழுப்பி உருவானதுதான் இப்ப நாம பாக்குற பல தோட்டங்கள். அதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகும் மல்லி மணக்கத்தான் செஞ்சுது. ஆனா சுவரோட நீளத்தைக் கண்ணால அளந்து, இதுல எத்தனை வீடுன்னு எண்ணுற பழக்கம் வந்துடுச்சு.

யாத்ரீகர் வேஷம்

1609-லேர்ந்து 1614 வரைக்கும் ஸ்பெயின் முழுக்க இருந்த மொரிஸ்கோக்கள் எல்லாரையும் கப்பல் ஏத்தினாங்க. சுமார் மூணு லட்சம் பேர். அடுத்த வருஷம், 1615-ல வந்த டான் குவிக்ஸோட் இரண்டாம் பாகத்துல ரிகோட்டேன்னு ஒரு பாத்திரம். சாஞ்சோ பான்சாவோட பக்கத்து வீட்டுக்காரன், மொரிஸ்கோ. நாடு கடத்தப்பட்டவன், ஜெர்மன் யாத்ரீகர்களோட யாத்ரீகர் வேஷம் போட்டுக்கிட்டுத் திரும்பி வர்றான். சொந்த ஊருக்குள்ள கால் வைக்க வெளியூர்க்காரன் வேஷம்தான் வழி. வெளியூர்க்காரனுக்கு இடம் இருக்கு, ஊர்க்காரனுக்கு இல்ல. கிரனடாவோட மொத்தக் கதையையும் செர்வாந்தேஸ் ஒரே ஆளுக்குள்ள வச்சுட்டார்.

அப்படியும் எல்லாரும் போயிடல. சிலர் அடிமையா, சிலர் தொழில் தெரிஞ்சவங்கன்னு, சிலர் பேரையும் வம்சத்தையும் மாத்திக்கிட்டு தங்கிட்டாங்க. 1727-ல, கிரனடா வெளியேற்றம் நடந்து 157 வருஷம் கழிச்சு, கிரனடாவுல ரகசியமா இஸ்லாத்தைக் கடைப்பிடிச்ச ஒரு கூட்டத்தை மத விசாரணை மன்றம் கண்டுபிடிச்சுது. மத்தவங்களுக்கு மரியாதையான கத்தோலிக்கக் குடும்பங்கள். அஞ்சாறு தலைமுறை எப்படி வாயைக் கட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க!

கரி முற்றமும் வேஷம் மாத்தித்தான் பிழைச்சுது. அரசுக்குப் போச்சு. 1531-ல ஏலத்துல கைமாறிச்சு. 16-ஆம் நூற்றாண்டுல முற்றத்துல மேடை போட்டு நாடகக் கொட்டகை. அப்புறம் கரி வியாபாரிகள் தங்கி எடை போடுற இடம், இப்ப இருக்கிற பேர் அதுலேர்ந்து வந்தது. அப்புறம் ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடிச்சு வாழ்ந்த ஒண்டுக் குடித்தனம். 1918-ல தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சாங்க. அல்ஹாம்ப்ராவையும் பழுதுபார்த்த கட்டடக்கலைஞர் தோரெஸ் பல்பாஸ் இதையும் சீர் பண்ணினார். அரண்மனையைக் காப்பாத்த நூறு பேர் வருவாங்க. கழுதை கட்டின சத்திரத்தைக் காப்பாத்த ஒருத்தருக்குத் தோணிச்சே, அதுவே பெரிசு.

இப்ப யார் தங்கலாம்?

1492 யூத வெளியேற்ற ஆணை ரத்துன்னு ஸ்பெயின் அதிகாரபூர்வமா சொன்னது 1968-ல. 2015-ல ஒரு சட்டம் போட்டு, வெளியேற்றப்பட்ட யூதர்களோட வாரிசுகள் குடியுரிமை கேட்கலாம்னாங்க. 2019-ல விண்ணப்பக் காலம் முடிஞ்சுது. மொராக்கோவுலயும் துனிசியாவுலயும் இருக்கிற மொரிஸ்கோ வாரிசுகளுக்கு அப்படி ஒரு கதவு திறக்கல. 2003-ல அல்பைசின் உச்சியில சான் நிக்கோலாஸ் பக்கத்துல ஒரு புதுப் பள்ளிவாசல் திறந்தாங்க.

இதோட கதை முடிஞ்சுதான்னா இல்ல. அல்பைசின் 1994-லேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். இப்ப அந்தச் சந்துகள்ல நடந்தா வாசலுக்கு வாசல் நம்பர் பூட்டு போட்ட சின்னச் சாவிப் பெட்டி தொங்குது. டூரிஸ்ட் வாடகை வீடு. வீட்டுக்காரருக்கு மாச வாடகையைவிட நாள் வாடகை லாபம். வாடகை ஏறுது, குடியிருக்கிறவங்க கீழ நகரத்துக்கோ வெளியவோ போறாங்க. 2024-ல மலகா, பார்சிலோனா, மயோர்க்கா, கேனரி தீவுகள்னு பல இடத்துல ஜனங்க தெருவுல இறங்கினதும் இதுக்காகத்தான். 1570-ஐயும் இதையும் ஒரே தட்டுல வைக்க மாட்டேன். சிப்பாய் வந்து இழுத்துட்டுப் போறதும் வாடகை கட்டுப்படியாகாம போறதும் ஒண்ணு இல்ல. ஆனா முடிவுல சந்துல மிஞ்சுறது என்னன்னு பார்த்தா, விருந்தாளிக்குக் கட்டில் இருக்கு, அந்த ஊர்க்காரருக்கு வீடு இல்ல.

என் பர்ஸ்ல ஸ்பெயின் அரசு கொடுத்த வெளிநாட்டவர் அட்டை ஒண்ணு இருக்கு. அதுல காலாவதி தேதி போட்டிருக்கு. நீட்டிப்புக்கு மனு போட்டுக் காத்திருக்கிற காலத்துல ராத்திரி தூக்கம் எப்படி இருக்கும்னு ஆன்சைட் போன எல்லாருக்கும் தெரியும். ஆனா அது நான் தேடி வந்த ஊர். போகச் சொன்னா போறதுக்கு எனக்கு ஊர் இருக்கு. முலேய்க்கு அது இல்ல. அவர் கேட்டது நீட்டிப்பு இல்ல. பொறந்த வீட்டுல, பொறந்த பேரோட, கதவைச் சாத்திக்கிட்டு இருக்க அனுமதி.

மக்களே, கிரனடா போனா அல்ஹாம்ப்ரா டிக்கெட்டை முன்னாடியே போட்டுடுங்க, கடைசி நேரத்துல கிடைக்காது. அது முடிஞ்சதும் ரெயெஸ் கத்தோலிகோஸ் தெருவுல கீழ இறங்கி வந்து, இடதுபக்கச் சந்துல இருக்கிற கரி முற்றத்துல ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. கூட்டம் இருக்காது. தண்ணித் தொட்டிச் சத்தம் கேக்கும். அண்ணாந்து மேல்மாடி அறைகளைப் பாருங்க. அங்கேர்ந்து பிளாசா நுவேவா வந்து அந்த நீதிமன்றக் கட்டடத்து வாசல்ல நின்னு, முலேய் பேரை ஒரு தடவை சத்தமா சொல்லிட்டு வாங்க. பக்கத்துல பீர் குடிக்கிறவங்க திரும்பிப் பார்ப்பாங்க. பார்க்கட்டும்.